பக்கத்துச் சுவிட்ச் யாரென்று எல்எல்டிபி சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்?

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் நான்கு மாடி அலுவலகம் ஒன்றின் நெட்வொர்க்கைப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: முன்பிருந்தவர் வரைபடம் எதையும் விட்டுப்போகவில்லை. சுவிட்சுகளில் பாதி சிஸ்கோ கேட்டலிஸ்ட், பாதி அருபா, வெளி இணைப்பில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர். "ஷோ சிடிபி நெய்பர்ஸ்" அடித்தால் சிஸ்கோ பெட்டிகள் மட்டுமே தெரிகின்றன. எல்லாவற்றிலும் எல்எல்டிபியை (பக்கத்துக் கருவிகள் தங்களை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் பொது முறையை) எப்படிப் போடுவது, பகலில் போட்டால் ஏதாவது விழுமா, பாதுகாப்புக்குப் பாதகமா? கேட்டிருப்பது கட்டளைகளைத்தான். ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்படுவது, எந்தக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரு வரைபடம். கட்டளை அடிக்கப் பத்து நிமிடம் போதும். திரையில் வருவதில் எது உறுதி, எது வெறும் தகவல் என்று பிரித்தறிவதில்தான் வேலை இருக்கிறது. கொழும்பில் இப்படிக் கைமாறி வந்த அலுவலகங்களில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் சிஸ்கோ மட்டும் தெரிவதற்கான காரணம். சிடிபி என்பது பக்கத்துக் கருவியைக் கண்டறியச் சிஸ்கோ 1994இல் தன் கருவிகளுக்கென்று உருவாக்கிய முறை. மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொன்று வைத்திருந்தன. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அதற்குப் பொதுத்தரமாக ஐஇஇஇ அமைப்பு 2005இல் 802.1ஏபி என்ற எண்ணில் எல்எல்டிபியை வெளியிட்டது. வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு போர்ட்டும் 30 செக்கனுக்கு ஒருமுறை தன்னைப் பற்றிய ஒரு சிறிய ஃபிரேமை (தரவுப் பொட்டலத்தை) வெளியே அனுப்பும்: நான் இன்ன பெட்டி, இது என் இன்ன போர்ட், இந்தத் தகவல் இவ்வளவு நேரம் செல்லும். இந்த மூன்றும் கட்டாயம். கருவியின் பெயர், மென்பொருள் விவரம், நிர்வாக ஐபி முகவரி, விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) எண் போன்றவை விருப்பத்துக்கு உட்பட்டவை. செல்லுபடிக்காலம் வழக்கமாக 120 செக்கன், அதாவது நான்கு சுற்று. அதற்குள் மறு ஃபிரேம் வராவிட்டால் கேட்பவர் அந்தப் பதிவை அழித்துவிடுவார். கேட்டதற்கு யாரும் பதில் அனுப்புவதில்லை. இரண்டு பக்கமும் தன்பாட்டுக்கு அறிவிக்கும், தன்பாட்டுக்குக் கேட்கும். இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் பல குழப்பங்களுக்கு இதுவே விடை.

இன்னொரு அடிப்படை விஷயம், அந்த ஃபிரேம் போகும் முகவரி. வழக்கமாக 01:80:சி2:00:00:0ஈ என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கும் அனுப்பும்) முகவரிக்கு அனுப்பப்படும். தரப்படி நடக்கும் எந்தச் சுவிட்சும் இந்த முகவரிக்கு வந்ததை அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது, வாங்கித் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் எல்எல்டிபி காட்டுவது நேரடிப் பக்கத்து ஆள் என்று நாம் நம்புகிறோம். ஃபிரேமில் விலேன் டேக் இல்லாததால் டிரங்க்கில் (பல விலேன்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் இணைப்பில்) எந்த விலேன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே எழாது. ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் லூப்பாக, அதாவது வளையமாக, ஆகாமல் காக்கும் முறை) தடுத்து வைத்திருக்கும் போர்ட்டிலும் அது போய் வரும். வரைபடம் போடுபவருக்கு இது பெரிய உதவி. மேக் அட்டவணையை (எந்தக் கருவியின் முகவரி எந்தப் போர்ட்டில் என்ற சுவிட்சின் பட்டியலை) மட்டும் பார்த்தால், தடுக்கப்பட்டுச் சும்மா கிடக்கும் இரண்டாவது கேபிள் கண்ணில் படாது; எல்எல்டிபியில் அதுவும் தெரியும். ஈதர்சேனலாக, அதாவது ஒரே இணைப்பாகச் சேர்த்துக் கட்டிய கேபிள்களும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரியும்.

சரி, கட்டளைகள். எதையும் இயக்குமுன் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒழுங்கான பெயர் வையுங்கள். பத்துப் பெட்டிகளும் "சுவிட்ச்" என்ற தொழிற்சாலைப் பெயரோடு இருந்தால் அட்டவணை இருந்தும் பயனில்லை. மாடி எண், ராக் எண் போன்ற வேறுபடுத்தும் பகுதியைப் பெயரின் முன்பக்கம் போடுங்கள். சிஸ்கோவின் சுருக்க அட்டவணை நீண்ட பெயரின் வாலை வெட்டிவிடும். நிறுவனத்தின் பெயர் முன்னால் நின்றால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும்.

கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் சிடிபி பெட்டியிலிருந்து எடுத்த நேரம் முதலே ஓடும், எல்எல்டிபி ஓடாது. கன்ஃபிக் நிலைக்குப் போய் "எல்எல்டிபி ரன்" என்று ஒரே வரி அடித்தால் எல்லா இடைமுகங்களிலும் (போர்ட்டுகளிலும்) அனுப்புதலும் கேட்டலும் தொடங்கிவிடும். பிறகு வேண்டாத இடைமுகத்துக்குள் போய் "நோ எல்எல்டிபி டிரான்ஸ்மிட்", "நோ எல்எல்டிபி ரிசீவ்" என்று தனித்தனியாக நிறுத்தலாம். பார்ப்பதற்கு "ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ்", முழு விவரத்துக்கு அதன் பின்னால் "டீட்டெயில்". நேர இடைவெளிகளை மாற்றக் கட்டளை உண்டு, ஆனால் உங்கள் அளவுக்கு 30, 120 என்ற இயல்பு அளவுகளைத் தொடத் தேவையில்லை.

அருபாவில் நீங்கள் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. எல்எல்டிபி இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தொடர் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன். பழைய புரோகர்வ் வழியில் வந்தவையென்றால் "ஷோ எல்எல்டிபி இன்ஃபோ ரிமோட்-டிவைஸ்", புதிய சிஎக்ஸ் தொடரென்றால் "ஷோ எல்எல்டிபி நெய்பர்-இன்ஃபோ". எது வேலை செய்கிறதோ அதுவே உங்களிடம் இருப்பது. பழைய தொடரில் போர்ட்டுக்குப் போர்ட் "எல்எல்டிபி அட்மின்-ஸ்டேட்டஸ்" கொடுத்து அனுப்ப மட்டும், கேட்க மட்டும், இரண்டும், ஒன்றுமில்லை என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தொடர் சிடிபியைக் கேட்கும், ஆனால் தான் அனுப்பாது. இப்போதே அருபாவில் போய் "ஷோ சிடிபி நெய்பர்ஸ்" அடித்தால் அங்கிருந்து சிஸ்கோ தெரியக்கூடும், சிஸ்கோவிலிருந்து பார்த்தால் அருபா தெரியாது. பலர் இதைக் கேபிள் கோளாறென்று நினைத்துத் தேடுவார்கள். ஒரு பக்கம் பேசவில்லை, அவ்வளவுதான்.

மைக்ரோடிக்கில் "ஐபி நெய்பர்" பகுதிக்குள் டிஸ்கவரி-செட்டிங்ஸ் இருக்கிறது. அது சிடிபி, எல்எல்டிபி, தன் சொந்த எம்என்டிபி மூன்றையும் பேசும். அங்கே கவனிக்க வேண்டியது எந்த இடைமுகப் பட்டியலில் பேசுகிறது என்பதுதான். உள்பக்க இடைமுகங்களை மட்டும் கொண்ட ஒரு பட்டியலைச் செய்து அதையே கொடுங்கள். இணையச் சேவை வழங்குநரின் ஃபைபர் பெட்டியை நோக்கி உங்கள் ரவுட்டரின் மாடலையும் பதிப்பையும் நாள் முழுதும் அறிவித்துக்கொண்டிருப்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

பகலில் போட்டால் விழுமா என்ற கேள்விக்கு வருவோம். எல்எல்டிபியை இயக்குவதால் போர்ட் விழுந்து எழாது, ஸ்பானிங் ட்ரீ மறுபடி கணக்குப் போடாது. போர்ட்டுக்கு அரை நிமிடத்துக்கு ஒரு சிறிய ஃபிரேம் என்பது சுவிட்சுக்குச் சுமையே அல்ல. சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான இணைப்புகளில் பட்டப்பகலில் தயங்காமல் போடுங்கள். என் தயக்கம் ஐபி தொலைபேசிகள் இருக்கும் போர்ட்டுகளில்தான். "எல்எல்டிபி ரன்" அவற்றையும் சேர்த்தே திறந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். 2006இல் வந்த எல்எல்டிபி-மெட் என்ற விரிவாக்கம் தொலைபேசிக்கு "உன் குரல் விலேன் இது" என்று சொல்லும். இதுவரை சாதாரண விலேனில் இருந்த போன் அந்தத் தகவல் கிடைத்ததும் மறு விலேனுக்குத் தாவும், சில மாடல்கள் அதற்காக ரீபூட் ஆகும். குரல் விலேனில் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) சரியாக இல்லாவிட்டால் போன் திரும்பி வராமலும் போகலாம். உங்களிடம் இருக்கும் போன்கள் எப்படி நடக்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அலுவலகம் முடிந்த பிறகு ஒரு போனில் போட்டுப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட் விஷயம் இதற்கு நேர்மாறு. அங்கே எல்எல்டிபி இல்லாததுதான் பல தடவை பிரச்சினை. கேபிள் வழியாக மின்சாரம் எடுக்கும் கருவிகளில் சில, கூடுதல் வாட்டை எல்எல்டிபி மூலமாகவே பேசி வாங்கும். பேச ஆள் இல்லையென்றால் பழைய தர அளவான 15.4 வாட்டோடு நின்று, ஒரு ரேடியோவைக் குறைத்தோ அணைத்தோ ஓடும். மேல்மாடியில் வைஃபை மந்தம் என்று யாராவது முறையிட்டுக்கொண்டிருந்தால் இதையும் பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பில் உறுதியாகச் சொல்லக்கூடியது: எல்எல்டிபியில் அடையாளச் சரிபார்ப்பு கிடையாது, மறைகுறியாக்கமும் கிடையாது. வரவேற்பறைச் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் மடிக்கணினியைச் செருகும் எவரும் அரை நிமிடம் காத்திருந்தால் சுவிட்சின் மாடல், மென்பொருள் பதிப்பு, நிர்வாக முகவரி எல்லாம் கிடைத்துவிடும். தன்னை ஒரு போன் என்று பொய் சொல்லிக் குரல் விலேன் எண்ணையும் வாங்கலாம். அனுப்புவதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கேட்பதிலும் ஆபத்து உண்டு: வந்த ஃபிரேமைப் பிரித்துப் படிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் அதை உடைக்கலாம். 2020 பெப்ரவரியில் ஆர்மிஸ் நிறுவனம் சிடிபிவான் என்ற பெயரில் வெளியிட்ட ஐந்து ஓட்டைகளும் சிஸ்கோ கருவிகள் சிடிபியைக் கையாளும் விதத்தில் இருந்தவை. அது எல்எல்டிபி அல்ல, ஆனாலும் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே என் வழக்கம் இது: சுவிட்ச் இணைப்புகள், சேர்வர்கள், அக்சஸ் பாயின்டுகள், போன்கள் இருக்கும் போர்ட்டுகளில் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். கூட்ட அறை, வரவேற்பறை, காலிப் போர்ட், வெளி இணைப்பு, கட்டட உரிமையாளரின் பொது அறைக்குப் போகும் கேபிள், இவற்றில் இரண்டும் மூடியிருக்கும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரே கட்டடத்தில் நான்கு நிறுவனங்கள் இருப்பது சாதாரணம். அந்தப் பொது அறைக் கேபிளை மறந்துவிடாதீர்கள். போன் இருக்கும் போர்ட்டில் பாதுகாப்பு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினால் அடுத்த நாள் காலை போன்கள் தப்பான விலேனில் எழும்பும், அதையும் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான இடம், அட்டவணையை வாசிப்பது. ஒரு போர்ட்டில் ஒரே ஒரு பக்கத்து ஆள், மறுமுனையில் போய்ப் பார்த்தால் அவரும் உங்களை அதே போர்ட் எண்ணோடு காட்டுகிறார் என்றால், அதை நான் வரைபடத்தில் பேனையால் வரைவேன். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் பென்சிலால்தான். அது அமைப்பில் யாரோ ஒரு திசையை நிறுத்தியிருப்பதாக இருக்கலாம், கேட்கவே தெரியாத கருவியாக இருக்கலாம், அல்லது நடுவில் ஏதோ ஃபிரேமை விழுங்கிக்கொண்டிருக்கலாம். எது என்பதை அட்டவணை சொல்லாது, கேபிளைப் பின்தொடர்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரே போர்ட்டில் மூன்று நான்கு பக்கத்து ஆட்கள் தெரிந்தால் நடுவில் நிர்வாக வசதியில்லாத ஒரு சிறிய சுவிட்ச் ஒளிந்திருக்கிறதென்று முதலில் சந்தேகப்படுங்கள். கொழும்பு அலுவலகங்களில் இது சாதாரணம். மேசை கூடும், சாக்கெட் கூடாது. யாராவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஐந்து போர்ட் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மேசைக்கடியில் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளில் பல அந்தச் சிறப்பு முகவரியை மதிப்பதில்லை, சாதாரண மல்டிகாஸ்ட் என்று எண்ணி எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டிவிடும். விளைவு, இரண்டு கேபிள் தள்ளி இருக்கும் ஆள் நேரடிப் பக்கத்து ஆளாகத் தெரிவார். பல ஆட்கள் தெரிந்தால் சந்தேகம் வரும். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் எல்எல்டிபி பேசுவது ஒன்று மட்டும் என்றால் அட்டவணை மிகவும் சுத்தமாக, மிகவும் நம்பகமாகத் தெரியும். அதுதான் ஆபத்தான நிலை. கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இரண்டு மாடிச் சுவிட்சுகள் நேரடியாக இணைந்திருப்பதாக இரு பக்கமும் ஒத்துச் சொன்னது. ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு பழைய எட்டுப் போர்ட் பெட்டி. அதிலிருந்து ஒரு கண்காணிப்புக் கேமராவுக்கும் கேபிள் போயிருந்தது. பேனையால் வரைவேன் என்று மேலே சொன்ன விதிக்கும் இப்படி ஒரு விலக்கு இருக்கிறது.

மைக்ரோடிக்கும் இதைச் செய்யக்கூடும். பிரிட்ஜில் (போர்ட்டுகளைச் சேர்த்துச் சுவிட்ச் போல ஆக்கும் அமைப்பில்) புரொட்டக்கால் மோட் என்பதை "நன்" என்று வைத்தால் அது அந்த முகவரிக்கு வருவதைக் கடத்தத் தொடங்கும். லூப் பிரச்சினை வந்தபோது யாரோ அவசரத்தில் ஆர்எஸ்டிபியை (ஸ்பானிங் ட்ரீயின் விரைவு வடிவத்தை) நிறுத்திவிட்டுப் போயிருந்தால் உங்கள் ரவுட்டரே கண்ணுக்குத் தெரியாத நடுப்பெட்டியாகிவிடும்.

இதைப் பிடிக்க நான் பயன்படுத்துவது மேக் அட்டவணை. எல்எல்டிபி ஒரு பிரின்டர் என்று சொல்லும் போர்ட்டில் ஏழெட்டு மேக் முகவரிகள் கற்கப்பட்டிருந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. போனுக்குப் பின்னால் கணினி என்றால் இரண்டு மூன்று இயல்பு. அக்சஸ் பாயின்ட் என்றால் பல இயல்பு, அதனால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது. இன்னொரு சோதனை, கேபிளைக் கழற்றிப் பார்ப்பது. உண்மையான நேரடி இணைப்பென்றால் மறுமுனையில் போர்ட் உடனே கீழே விழும், பதிவும் வழக்கமாக அப்போதே போகும். மறுமுனைப் போர்ட் விழாமல், பதிவு மட்டும் இரண்டு நிமிடம் கிடந்து பிறகு மறைந்தால், நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. இதைப் பகலில் செய்யாதீர்கள், மாற்று வழி இல்லாத டிரங்க்கில் மாலையிலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சேர்வர்கள் பக்கம் இரண்டு பொறிகள். இன்டெல் எக்ஸ்710 வகை அட்டைகளில் ஃபர்ம்வேரே (அட்டைக்குள் இருக்கும் மென்பொருளே) எல்எல்டிபி ஃபிரேமை எடுத்துக்கொள்ளும், மேலே இயங்குதளத்துக்கு வராது. லினக்ஸில் எல்எல்டிபிடி என்ற நிரலை நிறுவி ஒன்றும் தெரியவில்லையே என்று தலையைப் பிய்க்குமுன், ஈத்டூல் கட்டளை மூலம் ஃபர்ம்வேர் எல்எல்டிபியை நிறுத்திப் பாருங்கள். அப்புறம், விஎம்வேரின் சாதாரண வெர்ச்சுவல் சுவிட்ச் (சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் சுவிட்ச்) சிடிபி மட்டுமே பேசும். எல்எல்டிபி வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் இருக்க வேண்டும். எல்எல்டிபி வந்துவிட்டதென்று சிடிபியை எல்லா இடத்திலும் அவசரமாக நிறுத்தாதீர்கள். வரைபடம் முடியும்வரை இரண்டும் ஓடட்டும். ஒன்றோடொன்று மோதாது.

அமைத்து முடிந்ததும் ஒவ்வொரு சுவிட்சிலும் "ரைட் மெமரி" அடித்துச் சேமியுங்கள். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறக்க முடியாது. யுபிஎஸ் கைவிட்டுச் சுவிட்ச் மறுபடி எழும்பும்போது, சேமிக்காமல் விட்ட மாற்றமெல்லாம் காணாமல் போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு சுவிட்சுக்கு ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்ப்பது முதல் தடவைக்குச் சரி. பிறகு லிப்ரேஎன்எம்எஸ் அல்லது நெட்டிஸ்கோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஒரு பழைய கணினியில் போட்டு, எஸ்என்எம்பி (கருவிகளிடம் தூரத்திலிருந்து நிலவரம் கேட்கும் முறை) பதிப்பு 3 வழியாக எல்எல்டிபி அட்டவணைகளை எடுக்கச் செய்யுங்கள். நாளை யாராவது கேபிளை மாற்றிக் குத்தினால் அது காட்டிக்கொடுக்கும். கையால் சரிபார்த்த வரைபடத்தை அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். மென்பொருள் வரைவதும் அதே அறிவிப்புகளை வைத்துத்தான், சீலிங்குக்கு மேலிருக்கும் பெட்டி அதற்கும் தெரியாது.

இதில் எந்தப் படியில் நின்றாலும் சுவிட்ச் மாடல்களையும் "டீட்டெயில்" கட்டளையின் வெளியீட்டையும் கேள்விக்குக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போடுமுன் நிர்வாக ஐபி, மேக் முகவரிகள், பதிப்பு எண்கள், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். போர்ட் எண்களும் மாடிகளும் தெரிந்தால் எனக்குப் போதும்.